மேசையோடு நிறுத்துகிறவர்

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. நான்கு வருடம் அந்தக் கடைக்குப் போய்வந்தும் கேட்கத் தோன்றவில்லை. எல்லோரும் அண்ணை என்றார்கள், நானும் அண்ணை என்றேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கை. அதில் ஒரு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே கடை. உயரமான ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு போட்டோக்கொப்பி மெஷின், சத்தம் போடும் மின்விசிறி, சுவரோடு ஓர் அலுமாரி நிறைய விண்வெளி நாவல்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பழைய புத்தகங்கள். அட்டைகளில் ரொக்கெட்டும், இரண்டு நிலவுகளும், கண்ணாடித் தலைக்கவசம் போட்ட பெண்களும் இருப்பார்கள்.

போட்டோக்கொப்பி எடுக்க வருகிறவர்கள் குறைவு. பென் டிரைவோடு வருகிறவர்கள்தான் அதிகம். தொலைக்காட்சித் தொடர்களை அதில் ஏற்றித் தருவார். தமிழ்க் குரல் கொடுத்த துருக்கித் தொடர், கொரியத் தொடர், ஆங்கிலத் தொடர் எல்லாம் அவரிடம் இருந்தன. வீட்டில் வைஃபை வைத்திருப்பவர்களும் வந்தார்கள். ஆயிரம் தொடர்களில் எதைப் பார்ப்பது என்று தெரியாதவர்களுக்கு அவர் தெரிவுசெய்து கொடுப்பார். கடற்கரைத் தண்டவாளத்தில் ரெயின் போகும்போது கட்டடம் அதிரும்; பிளக் லூசு. அப்போது கம்ப்யூட்டர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, ரெயின் தாண்டும்வரை ஒன்றும் பேசமாட்டார்.

முதல் தடவை போனபோது கேட்டார்: "வீட்டில ஆர் பாக்கிறது?"

"அம்மா."

"அவவுக்கு என்ன விருப்பம்?"

"கப்பல் வாற கதை கேட்டவா."

நான் இரண்டு தமிழ் வைத்திருந்தேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குள் மலைநாட்டுத் தமிழ். வெள்ளவத்தையில் இறங்கினால் வெள்ளவத்தைத் தமிழ். அதில் எனக்குப் பெருமை உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எண்களைத் தவிர எழுத்துத் தெரியாது. அண்ணன் நான் படிக்கவேண்டும் என்று ஐந்தாம் வகுப்போடு வேலைக்குப் போனான். பிறகு நான் உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம், படகில் ஏறி வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று போனான். கடலில் இறங்குவதற்கு முன் ஒரு தடவை போன் எடுத்தான். அதன்பிறகு அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. அம்மா அதைப் பற்றிக் கதைப்பதில்லை. கப்பல் வரும் கதையைக் கேட்டாள், அவ்வளவுதான்.

அண்ணை யோசித்துவிட்டு ஒரு தொடரை ஏற்றினார். திரையில் வந்த அட்டைப்படத்தில் நட்சத்திரங்கள் நடுவே ஓர் ஊர்தி மிதந்தது.

"இது ரொக்கெட் எல்லே?" என்றேன்.

"இதுவும் கப்பல்தான் தங்கச்சி. தண்ணி மட்டும் இல்லை."

பென் டிரைவில் சின்னக் காகிதம் ஒட்டி, அதில் 9 என்று எழுதினார். ஒன்பதாவது பாகமா என்று கேட்டேன். இல்லையாம், ஒன்பது பேராம்.

அவரை விளங்கப்படுத்த வேண்டுமானால் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்கவேண்டும். வெளிநாட்டுத் தொடர் எதுவாக இருந்தாலும் அதில் எங்கோ ஓர் இடத்தில் குளிர்கால விடுமுறை வரும். வெளியே பனி கொட்டும். சண்டை பிடித்தவர்கள், ஓடிப்போனவர்கள், செத்துப்போனார் என்று நினைத்தவர்கள் எல்லோரும் வந்து ஒரு மேசையில் உட்காருவார்கள். அந்த இடத்துக்காகத்தான் அவர் தொடர் பார்த்தார். ஒவ்வொரு தொடருக்கும் மேசையில் எத்தனை பேர் என்பது அவருக்கு மனப்பாடம். "இது பதினொரு பேர். குழந்தை ஒண்டும் இருக்கு" என்று சொல்லித்தான் கொடுப்பார். நாவல்களிலும் அதையேதான் தேடினார். "எவ்வளவு தூரம் பறந்தாலும் ஒரு இடத்தில இறங்கிச் சாப்பிட இருப்பினம். ரொக்கெட் ஓட்டுறவனுக்கும் பசிக்கும்" என்பார்.

மதியத்தில் போனால், திரையில் அப்படி ஒரு மேசைக் காட்சியை அசையாமல் நிறுத்திவைத்துவிட்டு, அதற்கு முன்னால் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். டிசம்பர் பிறந்தால் கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பில் பஞ்சைப் பிய்த்து ஒட்டுவார், பனி என்று. மின்விசிறிக் காற்றில் அது பறந்து பார்சலில் விழும். எடுத்து மறுபடி ஒட்டுவார்.

இதுவரை சொன்னது விருப்பமான விஷயம். எனக்குக் குழப்பம் தந்தது வேறொன்று. அவர் எதையும் முடிவுவரை இருந்து பார்க்கமாட்டார். யாராவது "போயிட்டு வாறன் அண்ணை" என்றால் பதில் வராது. மெஷின் பக்கம் திரும்பிவிடுவார். பழகியவர்கள் சொல்லாமலே கிளம்பினார்கள். ஒரு நத்தார்ப் பூசைக்குக் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் பின்வரிசையில் நின்றதைக் கண்டேன். கடைசி ஆசீர்வாதத்துக்கு முன் காணவில்லை. அப்படியானால் வேதக்காரர், கிறிஸ்தவர் போல என்று நினைத்தேன். அடுத்த மாதம் வெள்ளவத்தைக் கோயிலில் திருநீறு பூசி நின்றார். தீபாராதனை காட்டுமுன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். எந்தச் சாமியிடமும் அவர் பிரசாதம் வாங்கியதில்லை.

குடும்பம் பற்றி மூன்று கதைகள். மனைவி பிள்ளைகள் கனடாவில் என்றார் பக்கத்துத் தையல்கடை அக்கா. மனைவி இங்கேதான், பம்பலப்பிட்டியில் என்றார் எதிரே நிற்கும் ஓட்டோக்காரர். கலியாணமே கட்டாதவர் என்றார்கள் மேல்மாடியில். நான் ஒருதரம் சும்மா கேட்டேன், டிசம்பரில் உங்கள் ஆட்கள் வரமாட்டார்களா என்று.

"வந்தவை" என்றார். "எயாப்போட்டுக்கு நான் போறேல்லை."

எப்போது வந்தார்கள், எத்தனை பேர் என்று கேட்பதற்குள் ரெயின் வந்தது. பெட்டியில் கையை வைத்துக்கொண்டார்.

வேறோர் ஓட்டோக்காரர், சிங்களவர், பென் டிரைவைத் திருப்பிக் கொண்டுவந்து, "அய்யே, ஈட்ட பஸ்ஸே?" என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டார். அண்ணை நிமிராமலே, "இவரய் மல்லி" என்றார். முடிந்தது தம்பி. பாவம் அந்த மனிதர், சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு அந்தத் தொடர் பிடித்துப்போயிற்று. குளிர்நாட்டு ஊர் ஒன்று. விண்வெளிக்குப் போன கப்பலிலிருந்து செய்தி நின்றுவிடுகிறது. அதில் போன மகனுக்காக ஒரு தாய் ஒவ்வொரு குளிர்காலமும் மேசையில் ஒரு நாற்காலியை வெறுமையாக விடுகிறாள். ஐந்தாவது குளிர்காலத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது கதவு தட்டப்படுகிறது. மகன் நிற்கிறான். வந்து உட்காருகிறான். தாய் பரிமாறுகிறாள். அதோடு சரி.

அம்மா அந்தக் கடைசிப் பாகத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச்சொல்வாள். பென் டிரைவை டீவியில் செருகுவதும் ரிமோட்டை அமுக்குவதும் என் வேலை. திரையில் பாகங்களின் வரிசை வரும். அதற்கு அடியில் ஆங்கில எழுத்தில் "மிச்சம்" என்று ஒரு ஃபோல்டர். ஏதோ குப்பை என்று நினைத்து நான் அதைத் தாண்டிப்போனேன். எத்தனை தடவை தாண்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

"ஒம்போதுன்னு போட்டிருக்காரு. எட்டுப் பேருதானே இருக்காங்க?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். "ஏழு பேரு இருந்தாங்க, இவன் வந்து எட்டு."

"அவருக்கு எண்ணத் தெரியல" என்றேன். படித்தவளின் அவசரம்.

அம்மா சமையலுக்குப் போனது வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரின் வீட்டுக்கு. டிசம்பர் விடுமுறைக்கு டீச்சரின் பிள்ளைகள் லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் குடும்பமாக வந்திறங்கினார்கள். அந்த ஒருநாள் விருந்துக்கு அம்மாவுக்கு உதவியாக நானும் போனேன். வேலைக்காரியின் மகளாக வந்திருக்கிறேன் என்று அவர்கள் எண்ணக்கூடாது என்பதற்காக, பல்கலைக்கழகத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

இடியப்பமும் சொதியும் மேசைக்குப் போயின. பேச்சு தொடர்களில் வந்து நின்றது.

"அந்த ரொக்கெட் கதை நல்ல முடிவு. பெடியன் வந்து சாப்பிட இருக்கிறான். எனக்குக் கண்ணீர் வந்திட்டுது" என்றார் டீச்சர்.

டொரன்டோப் பேத்தி நிமிர்ந்தாள். என் வயதுதான் இருக்கும். "அப்பம்மா, அது முடிவில்லை. அதுக்குப் பிறகு இன்னும் ஆறு பாகம் இருக்கு."

"இல்லைப் பிள்ளை, நான் முழுக்கப் பாத்தனான்."

"நானும் பாத்தனான். சாப்பாட்டோட முடிஞ்சுது" என்றார் பக்கத்து வீட்டு அங்கிள்.

"அங்கிளும் அந்தப் படிக்கட்டுக் கடையிலயோ எடுத்தது?" என்றாள் பேத்தி.

"ஓம், வேற எங்க?"

"அப்ப மற்றது? ரெண்டு வைத்தியர்மாரின்ர தொடர்? அதில மனிசி கடைசியில விட்டிட்டுப் போறாளே?" என்றாள் லண்டன் மருமகள்.

"ஆர் போனது? எல்லாரும் இருந்து கேக் எல்லோ வெட்டினவை!" என்றார் டீச்சர்.

"அந்தாள் எங்களுக்கு அரைக்கதையள வித்திருக்கிறார்!"

சிரிப்பில் மேசை குலுங்கியது. ஆளுக்கொரு தொடரைச் சொல்லிச் சரிபார்த்தார்கள். வெள்ளவத்தைக்காரர் பார்த்த எல்லாத் தொடர்களும் ஒரு மேசையில் முடிந்திருந்தன.

அம்மா கத்தரிக்காய்க் கறிச் சட்டியோடு குசினி வாசலில் நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளாகவே பேத்தியிடம் கேட்டாள்.

"மகள், அந்தக் கப்பல் பையன் அப்பறம் என்ன ஆனான்?"

சிரிப்பு அடங்கியது. எங்கள் அண்ணனைப் பற்றி டீச்சர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பேத்தி என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்.

இந்த இடத்தைத் திரும்ப நினைக்கும்போதெல்லாம் நான் வேறு பதில் சொல்கிறேன். அன்றைக்குச் சொன்னது இதுதான்: சொல்லுங்கள், என் அம்மா உண்மையைத் தாங்குவாள். ஆங்கிலத்தில் சொன்னேன். தேவைக்கு அதிகமான சத்தத்தில், பிழையில்லாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் ஆங்கிலத்தை அவர்கள் கேட்கவேண்டும் என்றுதான் அதைச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பேத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். வந்தவன் மகனில்லை. வேறொரு கோளிலிருந்து மகனின் உருவத்தில் வந்த ஏதோ ஒன்று. மகன் போன கப்பல் எப்போதோ உடைந்துவிட்டது.

"அப்படியா" என்றாள் அம்மா. சட்டியை மேசையில் வைத்தாள். டீச்சருக்குப் பரிமாறினாள்.

கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் இரண்டு தடவை ஏதோ கேட்டேன். "சும்மா வா புள்ள" என்றாள்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். அவர் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"கதைய வெட்ட உங்களுக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

"நான் வெட்டேல்லைத் தங்கச்சி. எல்லாம் உள்ளுக்கு இருக்கு. மிச்சம் எண்டு ஃபோல்டர் போட்டிருக்கிறன். எல்லாருக்கும் போட்டுத்தான் குடுக்கிறனான். விருப்பமானவை திறக்கலாம். ஒருத்தரும் திறக்கிறதில்லை."

"எங்கட அண்ணாவைப் பற்றித் தெரிஞ்சுதானே அந்தக் கதையைத் தந்தனீங்கள்?"

"எனக்கு உங்கட அண்ணையத் தெரியாது." அவர் முகத்தில் உண்மையான திகைப்பு. "கப்பல் கதை கேட்டனீர். தந்தனான்."

"அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவவுக்கு எது ஃபோல்டர், எது மிச்சம்?"

அவர் கையில் பஞ்சு இருந்தது. அதை உருட்டினார். "உமக்குத் தெரியுமே" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அவருக்கே அப்போதுதான் தோன்றிய மாதிரி இருந்தது. "நீர் வாசிச்சனீர்தானே?"

ஓம், வாசித்தேன். வாசித்துவிட்டுத் தாண்டிப்போனேன்.

கோபத்துக்கு இடமில்லாமல் போனதால் வேறொன்றைக் கேட்டேன். "நீங்களாவது மிச்சத்தைப் பாத்தனீங்களோ?"

"இல்லை" என்றார். பிறகு அலுமாரியைத் துழாவி ஒரு தமிழ் நாவலை எடுத்துத் தந்தார். அட்டையில் இரண்டு நிலவுகள். நடுவிலிருந்து கடைசிவரை உள்ள பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் ஊசி அடித்திருந்தார். "ஊசியைக் கழட்டுறது லேசு. உம்மட விருப்பம்." நன்றி சொல்வதா, புத்தகத்தை எறிவதா என்று தெரியாமல் வாங்கிக்கொண்டேன். நான் வெளியே வருமுன் அவர் மெஷின் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, "அந்த மிச்சத்தப் போடு" என்றாள். ஃபோல்டர் இருப்பதை நான்தான் சொல்லியிருந்தேன். போட்டேன். ஆறு பாகம். நான் டீவியைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது பாகத்தில் திரையில் அந்தத் தாய்க்கு உண்மை தெரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"இவளுக்கு இப்பதான் தெரியுதாக்கும்" என்றாள் அம்மா. "எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எப்படி?"

"அஞ்சு வருசம் கழிச்சு வீட்டுக்கு வர்ற புள்ள நேரா மேசைக்கா போகும்? குசினிக்குல்ல வரும். சட்டியத் தொறந்து பாக்கும்."

"தெரிஞ்சுமா அதையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னே?"

"அவ சந்தோசமா பரிமாறுனாள்ல. அதப் பாத்தேன்." பயற்றங்காயைச் சுளகில் கொட்டினாள். "நம்மவன் வந்தா குசினிக்குத்தான் வருவான். வர்றப்ப வரட்டும். நீ அந்தப் புள்ளைகிட்ட இங்கிலீசுல என்னமோ சொன்னியே, என்னா சொன்ன?"

"சொல்லச் சொன்னேன்."

"அம்புட்டு நீளமாவா சொன்ன?" என்றாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து குசினிக்குப் போய்விட்டாள்.

இதை அவரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். உங்கள் மேசையைப் பார்த்தவுடனேயே ஒருத்திக்கு மிச்சம் தெரிந்திருந்தது, தெரிந்தும் அவள் மேசையோடுதான் இருந்தாள் என்று சொல்லவேண்டும். பரீட்சை முடிந்து ஜனவரிக் கடைசியில் போனபோது படிக்கட்டுக்குக் கீழே போன் கவர் விற்கும் கடை இருந்தது. அலுமாரி இல்லை. சுவரில் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருந்தது. கனடாவுக்குப் போய்விட்டார் என்றார் தையல்கடை அக்கா. ஆஸ்பத்திரியில் என்றார் ஓட்டோக்காரர். மேல்மாடியில் அப்படி ஒருவர் போனதையே கவனிக்கவில்லை. யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை என்பதில் மட்டும் மூவரும் ஒன்றாக இருந்தார்கள்.

நாவல் என்னிடம் இருக்கிறது. ஊசி அடித்த பக்கம்வரை வாசித்துவிட்டேன். நிலவுக் கோளில் குளிர்காலம். கூடாரத்துக்கு வெளியே நீலப் பனி. உள்ளே ஒரு மேசை. முதல் பக்கத்தின் மூலையில் பென்சிலால் 5 என்று எழுதியிருக்கிறார். நான் எண்ணிப் பார்த்தேன். தளபதி, அவர் மனைவி, வைத்தியர், இயந்திரம் திருத்தும் பெண். நான்கு பேர். மறுபடி எண்ணினேன். நான்குதான். அம்மா அன்று எட்டு என்று சொன்னதும், அவருக்கு எண்ணத் தெரியாது என்று நான் சொன்னதும் நினைவுக்கு வந்தன. கூடவே, நிறுத்திவைத்த திரைக்கு முன்னால் பிரித்து வைத்திருந்த சோற்றுப் பார்சலும்.

அவர் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார், தன்னையும் சேர்த்து.

ஊசியை நான் இன்னும் கழற்றவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவள், கழற்றாமல் இருப்பதும் என் விருப்பம்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். அதைச் சொல்வது நானா, அவரா என்றுதான் தெரியவில்லை.